பொம்மைகள் மௌனமாகவே இருக்கட்டும்: பிக்ஸார் கதைக்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பிக்ஸார் நிறுவனத்தின் கதைக்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பொம்மைகளுக்கு உயிர் இருப்பதாகச் சொல்லும் உங்கள் 'டாய் ஸ்டோரி' அனிமேஷன் பட வரிசையின் ஐந்தாவது படத்தில், சிறுமி போனியின் கைக்குத் தவளை வடிவிலான டேப்லெட் ஒன்று வந்து சேர்வதாக உங்கள் முன்னோட்டம் காட்டியது. பொம்மைக்கும் திரைக்கும் நடக்கும் போட்டியை நீங்கள் கதையாக எடுத்துக்கொண்டதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆறு வயது மகள் இருக்கும் என் வீட்டில் அந்தப் போட்டி நாள்தோறும் நடக்கிறது; பெரும்பாலும் திரைதான் ஜெயிக்கிறது. மனிதக் காலடி கேட்டதும் பொம்மைகள் போட்டது போட்டபடி விழுந்து, உயிரில்லாதவை போலக் கிடக்க வேண்டும் என்று உங்கள் படங்களில் ஒரு விதி இருக்கிறதல்லவா, அதை எக்காரணம் கொண்டும் தளர்த்திவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

அந்த விதி ஆரம்பத்திலேயே உங்களிடம் இருக்கவில்லை. 1988இல் நீங்கள் எடுத்து ஆஸ்கர் விருதும் பெற்ற 'டின் டாய்' குறும்படத்தில், முதுகில் மேளம் சுமந்த தகரப் பொம்மை குழந்தையின் கண்ணெதிரிலேயே ஓடுகிறது. குழந்தை தவழ்ந்துகொண்டே அதைத் துரத்துகிறது. (அந்தக் குழந்தையின் முகம் இன்றைக்கும் பார்க்கப் பயமாகத்தான் இருக்கிறது. மனிதத் தோல் அன்றைய கணினிக்குக் கைவராத நிலையில், வழவழப்பான பிளாஸ்டிக் உங்களுக்கு எவ்வளவு தோதாக இருந்திருக்கும் என்பது புரிகிறது.) அங்கே பொம்மை நடமாடுவது ஒரு வேடிக்கை, அவ்வளவே. 1995இல், முழுக்க முழுக்கக் கணினியிலேயே உருவான முதல் முழுநீளப் படமாக 'டாய் ஸ்டோரி' வந்தபோதுதான், யாரும் பார்க்காத வேளையில் மட்டுமே பொம்மைக்கு உயிர் என்ற கட்டுப்பாடு வந்தது.

அந்தப் படத்தின் முதல் காட்சியை நினைவுகூருங்கள். சிறுவன் ஆண்டி தன் அறையில் விளையாடுகிறான். உருளைக்கிழங்குத் தலையன் கொள்ளைக்காரனாகிறான், சுருள்கம்பி நாய் சக்திக் கவசம் கொண்ட காவல் நாயாகிறது, அந்த நாயையே தின்றுவிடும் டைனோசர் ஒன்றும் வருகிறது. அத்தனை பேருக்கும் குரல் கொடுப்பவன் ஆண்டி ஒருவனே. கௌபாய் பொம்மையான வுடிக்கு மட்டும், முதுகுக் கயிற்றை இழுத்தால் பேசச் சொந்தமாகச் சில வாக்கியங்கள் உண்டு. ஆனால் 'என் பூட்ஸுக்குள் பாம்பு' என்ற வாக்கியம் கதையில் எந்த இடத்தில் பொருந்தும் என்று முடிவு செய்பவன் கயிற்றை இழுக்கிற சிறுவன்தான். பொம்மைகள் வாய் திறக்காமல் இருப்பதால்தான் அவனுக்கு அங்கே பேச இடம் கிடைக்கிறது.

டேப்லெட்டின் சங்கதி நேர்மாறானது. அது குழந்தையின் முன்னாலேயே பேசும், கேட்டால் பதில் சொல்லும், கேட்காவிட்டாலும் கூப்பிடும். என் மகளின் பிறந்தநாளுக்கு உறவினர் ஒருவர் பேசும் பொம்மை ஒன்றைக் கொண்டுவந்தார். வயிற்றை அமுக்கினால் பாடும், கையை அமுக்கினால் நலம் விசாரிக்கும். பேட்டரி இருந்தவரை அவள் அதை அமுக்கிக்கொண்டே இருந்தாள், வேறெதுவும் செய்யவில்லை. பேட்டரி தீர்ந்து இரண்டு வாரம் ஆன பிறகுதான் அதற்குச் சங்கரி என்று பெயர் வைத்தாள். அதன் பிறகு சங்கரிக்குக் காய்ச்சல் வந்தது, கல்யாணம் நடந்தது, என் கைக்குட்டை ஒன்று அவளுக்குப் பட்டுப்புடவையானது. புதுப் பேட்டரி வாங்கி வைத்திருந்தேன், போடவில்லை.

விதியை ஒருபோதும் மீறக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பொம்மைகளைச் சித்திரவதை செய்யும் சிட் என்ற பையனிடம், முதல் படத்தின் முடிவில் வுடி நேருக்கு நேர் பேசுகிறான். கயிற்றை யாரும் இழுக்காமலேயே குரல் வருகிறது, தலை முழுவதுமாகச் சுழல்கிறது, பையன் அலறியடித்து ஓடுகிறான். ஒரே ஒரு முறை, அதுவும் நண்பனைக் காப்பாற்ற வேறு வழியே இல்லாத நிலையில் நடந்ததால் அது நெஞ்சில் நின்றது. 2019இல் வந்த நான்காம் படத்திலோ, வண்டியில் வழி சொல்லும் கருவியின் குரலில் ஒரு பொம்மை பேச, மற்றவை பெடலை மிதிக்க, போனியின் அப்பா திண்டாடுகிறார். திரையரங்கில் எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபின் அந்தச் சிரிப்பு உறுத்தியது. நினைத்த நேரத்தில் மனிதர்களை ஆட்டிவைக்க முடியும் என்றால், ஒரு பொம்மை கைவிடப்பட்டுப் பரணில் கிடப்பதற்கு என்ன பொருள்?

விதிக்குள் நின்றுகொண்டே எவ்வளவு தூரம் போகலாம் என்பதை 2010இல் வந்த மூன்றாம் படத்தில் நீங்களே காட்டியிருக்கிறீர்கள். கல்லூரிக்குக் கிளம்பும் ஆண்டியின் பொம்மைப் பெட்டிமேல், யாருக்கும் தெரியாமல் ஒரு சிறு காகிதத்தில் போனியின் முகவரியை எழுதி ஒட்டிவிடுகிறான் வுடி. அதைப் படித்த ஆண்டி, அம்மா எழுதியது என்று நினைத்து, "இதையெல்லாம் கொடுத்துவிடலாம் என்கிறாயா?" என்று குரல் கொடுக்கிறான். என்ன ஏதென்று தெரியாத அம்மா, "உன் விருப்பம்" என்கிறாள். அந்தத் தவறான புரிதலில்தான் படத்தின் முடிவே நிற்கிறது. வுடி எழுதினான் என்பது ஆண்டிக்குக் கடைசிவரை தெரியாது; கொடுத்தது முழுக்க முழுக்க அவனுடைய முடிவாகவே இருக்கிறது. உங்கள் நான்கு படங்களில் எனக்கு மிகவும் பிடித்த இடம், பொம்மைகள் எரியுலையை நோக்கிச் சரியும் காட்சியைவிடவும், இதுதான்.

இன்னொரு சிறு வேண்டுகோள். தன்னை நிஜமான விண்வெளி வீரன் என்று நம்பிக்கொண்டிருந்த காலத்திலும் பஸ் லைட்இயர் என்ற பொம்மை ஏன் ஆண்டி வந்ததும் அசையாமல் விழுந்தான் என்று ரசிகர்கள் முப்பது ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். தயவுசெய்து பதில் சொல்லிவிடாதீர்கள். அதற்கென்று முன்கதைப் படம் எடுக்கவும் வேண்டாம். என் மகள் இரவில் அறைக்கதவைச் சாத்திவிட்டு, பத்து வரை எண்ணி, சட்டென்று திறந்து பார்க்கிறாள். சங்கரி விட்ட இடத்திலேயே கழுத்து சாய்ந்து கிடப்பாள். "இன்னைக்கும் நல்லா நடிச்சிட்டா" என்று எனக்கு அறிக்கை வரும்.

படம் 2026 ஜூனில் வருவதாக அறிவித்திருப்பதால், நான் கேட்பது இந்தப் படத்துக்குப் பிந்திப்போனதாகவும் இருக்கலாம். இனி எழுதப்போகும் கதைகளுக்காவது இதைக் கணக்கில் கொள்ளுங்கள். டேப்லெட்டை வில்லனாக்குவதும் நண்பனாக்குவதும் உங்கள் உரிமை. ஆனால் அதனிடமிருந்து போனியை மீட்பதற்காக வுடியோ கௌகேர்ள் பொம்மை ஜெஸ்ஸியோ அவள் முகத்தைப் பார்த்து ஒரு சொல் பேசும்படி எழுதிவிடாதீர்கள். அவளாகவே டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டு, தரையில் கிடக்கும் பொம்மையை எடுத்து, அதற்குத் தன் குரலில் பேசத் தொடங்கட்டும்.

இப்படிக்கு,
சங்கரியின் வீட்டுக்காரர்களில் ஒருவன்