பொத்தான் நம் கையில், துருசு யார் கையில்?

ஆசிரியருக்கு,

வானொலிக் காலத்தில் தந்ததைக் கேட்டோம், இப்போது நாமே தேர்ந்தெடுக்கிறோம் என்று பலரும் பெருமையாகச் சொல்கிறார்கள். சரி, போன காலபோகத்தில் வயலில் நெல்லைத் தாக்கும் அறக்கொட்டிப் பூச்சி விழுந்தபோது, மருந்து பற்றி அறியக் கைபேசியில் ஒரு காணொளி தேடினேன். அது முடிய அடுத்தது தானாக ஓடியது. நாலாவதில் சினிமாச் சண்டை! நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், பொய் சொல்லக் கூடாது.

‘ஆர்வமில்லை’ என்று அழுத்தலாமே என்பீர்கள். யூடியூப்பில் அந்தப் பொத்தான் எவ்வளவு வேலை செய்கிறது என்று பயர்பொக்ஸ் உலாவியை வெளியிடும் மொசில்லா அமைப்பு 2022இல் ஆராய்ந்தது. வேண்டாத பரிந்துரைகளில் நூற்றுக்கு 11 அளவைத்தான் அது தடுத்ததாம்.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரும் இப்படித்தான். வரம்பை வெட்டிப் பாய்ச்சுவது என் கை. குளத்திலிருந்து தண்ணீரைத் திறந்துவிடும் துருசு என் கையில் இல்லை. ஆனால் கோடையில் செய்யும் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று முடிவெடுக்கக் கூட்டம் வைப்பார்கள். நாங்கள் எழும்பிச் சத்தம் போடலாம், சில வேளை எடுபடும். 2021இல் யூடியூப் ‘பிடிக்கவில்லை’ எண்ணிக்கையைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்தபோது எந்தக் கமக்காரர் கூட்டத்தில் கேட்டார்கள்?

பிள்ளைகளின் கைபேசியில் தானாக ஓடுவதை நிறுத்தி வைத்திருக்கிறேன். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடவே ஒரு பின்னேரம் போனது.

ஒரு கமக்காரர்,
பரந்தன்.