மன்னார் வளைகுடாவை எண்ணெய் ஏலத்திலிருந்து விலக்குங்கள்

மதிப்பிற்குரிய ஒன்றிய பெட்ரோலியம், இயற்கை எரிவாயுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். 10ஆம் சுற்று உரிம ஏலத்தில் மன்னார் வளைகுடாவின் ஆழ்கடல் பகுதி ஒன்று எண்ணெய், எரிவாயு ஆய்வுக்காக ஒதுக்கப்பட்டுள்ளது. அந்த ஒதுக்கீட்டைக் கைவிடுமாறு கேட்டு இம்மடலை எழுதுகிறேன்.

நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதியாகிறது என்பதை அறிவேன். டீசல் விலை ஏறினால் விசைப்படகுகள் தொழிலுக்குப் போவதே கடினம் என்பதும் எங்கள் கடற்கரைக்குத் தெரியாததல்ல. ஆனால் ஆழ்கடலில் இன்று தொடங்கும் தேடல் உற்பத்தியாக மாறப் பத்தாண்டுக்கு மேலும் ஆகலாம். அதற்குப் பின் பல பத்தாண்டுகள் எண்ணெய் எடுத்தால்தான் போட்ட முதல் திரும்பும். 2070க்குள் கரியமில வாயு போன்றவற்றின் நிகர உமிழ்வைச் சுழியமாக்குவோம் என்று உறுதியளித்த நாடு, அந்த ஆண்டை நெருங்கும் வரை ஓடக்கூடிய கிணறுகளை ஏன் புதிதாகத் திறக்க வேண்டும்?

கோண்ட்வானா என்னும் பழம்பெருநிலம் பிளந்தபோது உருவாகி, மன்னார் வளைகுடா வரை நீளும் காவிரிப் படுகையில், பழங்கடலின் நுண்பாசிகளும் கரையிலிருந்து அடித்துவரப்பட்ட தாவர மிச்சங்களும் ஆக்சிஜன் குறைந்த சேற்றில் புதைந்து, மேலே வண்டல் படியப் படியக் கீழிறங்கி, ஏறத்தாழ 60 முதல் 120 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்து எண்ணெயாயின. அவ்வளவு காலம் மண்ணுக்குள் அடைபட்டிருந்த கரிமத்தைத்தான், ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்கும்போது சுமார் 2.3 கிலோ கரியமில வாயுவாகச் சில நிமிடங்களில் காற்றில் கலக்கிறோம். அதன் விளைவை மன்னார் வளைகுடா ஏற்கெனவே அனுபவித்துவிட்டது: கடல்நீர் சூடேறியதால் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இங்குள்ள பவளங்கள் பெருமளவில் வெளிறின.

1986இல் 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அரசே அறிவித்த கடல் இது. ஆவுளியா எனும் கடற்பசு மேயும் கடற்புல் வெளிகளும், பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்களின் தீவோரங்களும் இங்கேதான் உள்ளன. ஏலப் பகுதி காப்பகத்துக்கு வெளியே உள்ளது என்ற விளக்கம் எனக்குப் போதவில்லை. எண்ணெய் தேடக் கடலடிக்குள் ஒலியலைகளைச் செலுத்தும் நில அதிர்வு ஆய்வின் ஒலியும் கசியும் எண்ணெயும் வரைபடத்தின் கோட்டில் நின்றுவிடுவதில்லை. மேலும், 2020 ஜனவரியில் செய்யப்பட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதித் திருத்தத்தால், ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பே தேவையில்லை என்றாகிவிட்டது. பாதிக்கப்படுவோரிடம் ஒரு சொல்கூடக் கேட்காமல் அவர்களது கடலைத் துளையிட அனுமதிப்பதை எவ்வகையிலும் ஏற்க இயலாது.

எனவே, இந்த ஒதுக்கீட்டை ரத்து செய்யுங்கள். இனி வரும் ஏலச் சுற்றுகளில் மன்னார் வளைகுடாவையும் பாக் நீரிணையையும் சேர்க்க மாட்டோம் என எழுத்துப்பூர்வமாக அறிவியுங்கள். இதுவரை நடந்த ஆய்வுகளின் அறிக்கைகளைத் தமிழில் வெளியிட்டு, இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்ட மீனவக் கிராமங்களுக்குக் கிடைக்கச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
மன்னார் வளைகுடாக் கரையில் வாழும் ஒரு குடிமகன்