குழாய் எரிவாயுவுக்கான அடுப்பைத் தோம்பு (சிலிண்டர்) கேஸில் பொருத்திவிட்டுப் போனது குறித்த புகார்

ஆயர் ஈத்தாம், பினாங்கு
23 அக்டோபர் 2025

விற்பனைக்குப் பிந்திய சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 27ஆம் தேதி உங்கள் ஜார்ஜ்டவுன் கிளையில், மேலே நான்கு பர்னரும் கீழே ஓவனும் உள்ள அடுப்பு ஒன்றை 1,850 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கினேன். "அக்கா, அக்கா" என்று தமிழில் பேசித்தான் விற்றார்கள். அதனால் புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன். ரசீதும் படங்களும் இத்துடன் உள்ளன.

30ஆம் தேதி உங்கள் ஆள் வந்து பொருத்தினார். ரெகுலேட்டரை மாட்டி, டியூபின் இரண்டு முனையிலும் கிளிப் போட்டு இறுக்கி, சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தார். அந்த வேலையில் நான் குறை சொல்லவில்லை. ஆனால் பற்றவைத்ததும் நெருப்பு நீலமாக வரவில்லை. மஞ்சளாக, நீள நீளமாக எழுந்து ஆடியது. கேட்டேன். "புது அடுப்புன்னா அப்படித்தான் அக்கா, போகப் போக சரியாயிடும்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சரியாகவில்லை. மூன்றாம் நாள் அம்மா குழம்புச் சட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் விரல் வைத்துத் தேய்த்தால் மை போலக் கரி ஒட்டியது. "தோட்டத்துல விறகு அடுப்புலகூட இவ்ளோ கரி பிடிச்சதில்ல" என்றார். அக்டோபர் 3, 8 ஆகிய இரண்டு நாட்களும் உங்கள் சேவை எண்ணுக்கு அழைத்தேன். முதல் முறை, பர்னர் மூடியைக் கழுவிக் காய வைத்து மாட்டச் சொன்னார்கள். இரண்டாம் முறை, சட்டி பழசாக இருக்கும் என்றார்கள். எந்த கேஸ் பயன்படுத்துகிறீர்கள் என்று இருவரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அக்டோபர் 11, சனிக்கிழமை. தீபாவளிக்கு முந்திரி பிஸ்கட் சுட உட்கார்ந்தோம். வெளியே அடைமழை. சாரல் அடித்ததால் பின்கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு மூன்று மணி நேரம் ஓவனை எரியவிட்டோம். நான்காவது தட்டு உள்ளே போனபோது அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு தலை கனக்கிறது என்றார். சற்று நேரத்தில் ஒன்பது வயது மகளும் வயிற்றைப் புரட்டுகிறது என்றாள். எனக்கும் தலை வலித்தது. கேஸ் நாற்றம் துளியும் இல்லை. ஏதோ தோன்றி ஓவனை அணைத்துக் கதவைத் திறந்து, மூவரும் மழையோடு மழையாக வாசலில் போய் நின்றோம். அரை மணி நேரத்தில் தெளிந்தது. நாங்கள் ரத்தப் பரிசோதனை செய்யவில்லை. அதனால் இன்னதுதான் காரணம் என்று மருத்துவச் சான்றோடு என்னால் சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு தெரிய வந்ததை வைத்துப் பார்த்தால் எனக்கு ஐயமே இல்லை.

தீபாவளிக்கு முதல் நாள் கோலாலம்பூரிலிருந்து எங்கள் உறவுக்காரத் தம்பி வந்தார். அங்கே அடுக்குமாடிகளில் குழாய் எரிவாயு பொருத்தும் வேலை அவருக்கு. நெருப்பைப் பார்த்ததுமே தோம்பு வால்வை மூடினார். அடுப்பை இழுத்து, பின்பக்கம் டார்ச் அடித்தார். அங்கே ஒட்டியிருந்த வில்லையில் இருந்தது: இயற்கை எரிவாயு, அழுத்தம் 20 மில்லிபார். பெரிய பர்னரின் ஜெட்டை, அதாவது கேஸ் வெளிவரும் சிறு முனையை, கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். கடுகைவிடச் சின்னத் துளை, பக்கத்தில் 115 என்ற எண். அதாவது 1.15 மில்லிமீட்டர். உங்கள் கையேட்டின் கடைசிப் பக்க அட்டவணையில் அதே பர்னருக்குத் தோம்பு கேஸ் என்றால் 85 இருக்க வேண்டும்.

உங்களுக்குத் தெரியாததல்ல, ஆனாலும் எழுதுகிறேன். தோம்பில் வருவது புரோப்பேனும் பியூட்டேனும். ஒரே கன அளவு கேஸை எடுத்துக்கொண்டால், குழாயில் வரும் இயற்கை எரிவாயுவைவிட இரண்டரை முதல் மூன்று மடங்கு வெப்பம் தரும். எரியக் காற்றும் அதே அளவுக்குக் கூடுதலாக வேண்டும். அதைப் பெரிய துளை வழியாக விட்டால் காற்று போதாமல் அரைகுறையாக எரியும். மஞ்சள் சுவாலையும் கரியும் அதனால்தான். கார்பன் மோனாக்சைடும் அப்படித்தான் உண்டாகிறது. கசிந்தால் தெரிய வேண்டும் என்றுதான் சமையல் கேஸில் நாற்றம் கலக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை. அடுப்பின் மேலே மஞ்சள் நெருப்பையாவது கண்ணால் பார்த்தோம். ஓவன் நெருப்பு அடித்தட்டுக்குக் கீழே அல்லவா எரிகிறது, அதை யார் பார்ப்பது?

எங்கள் வீட்டில் 14 கிலோ தோம்பு ஒன்றரை மாதம் வரும். இம்முறை 18 நாளில் தீர்ந்தது. பலகாரத்துக்குத்தான் போயிருக்கும் என்று நினைத்து 26 வெள்ளி 60 காசு கொடுத்து அடுத்ததை வாங்கி மாட்டினேன். அதுவும் ஓர் அறிகுறி என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

நேற்று உங்கள் அலுவலகத்தில் இதையெல்லாம் சொன்னேன். 200 வெள்ளிக்குப் பற்றுச்சீட்டு (வவுச்சர்) தருகிறோம் என்றார்கள். அது எனக்கு வேண்டாம். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற ஒருவரை அனுப்பி, நான்கு பர்னர், ஓவன், கிரில் எல்லாவற்றின் ஜெட்டையும் மாற்றுங்கள். சிறு தீக்கான திருகையும் சரிசெய்து, வில்லையையும் மாற்றி ஒட்டி, எழுத்தில் உறுதி கொடுங்கள். முடியாது என்றால் அடுப்பை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தாருங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று. இந்த அடுப்பு தனியாக ஒன்று மட்டும் தவறி வந்திருக்காது. அதே சரக்கிலிருந்து பினாங்கில் யார் யாருக்கு விற்றீர்கள் என்ற பட்டியல் உங்களிடம்தான் இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் இன்றே அழைத்து, தோம்பு கேஸா குழாய் கேஸா, நெருப்பு என்ன நிறம் என்று கேளுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஓவன் எரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அழைத்த விவரத்தை எனக்கும் தெரிவியுங்கள்.

14 நாட்களில் பதில் வராவிட்டால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுப்பேன். அதற்குக் கட்டணம் 5 வெள்ளிதான். எரிசக்தி ஆணையத்துக்கும் இதே படங்களை அனுப்புவேன்.

அடுப்பு இப்போது டியூப் கழற்றிய நிலையில் பின்கட்டில் இருக்கிறது. அம்மா மின்சார அடுப்பில் சமைக்கிறார். வார நாட்களில் மாலை 5 மணிக்குப் பிறகு ஆள் அனுப்பலாம். பழைய ஜெட்டுகளை எடுத்துச் செல்ல வேண்டாம். அவை என்னிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
(பெயரும் தொலைபேசி எண்ணும் ரசீதில் உள்ளன)