தளத்தை மொட்டையாக விட்டுவிடாதீர்கள்

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தை நடத்தும் ஊரக வளர்ச்சித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். விழுப்புரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். 2030-க்குள் குடிசை இல்லாத தமிழ்நாடு, அதற்காக 8 லட்சம் வீடுகள் என்று 2024-இல் அறிவித்தீர்கள். வீட்டுக்கு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். மழையில் ஒழுகாது, தீப்பிடிக்காது. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று கூரை வீட்டில் வளர்ந்த எனக்குத் தெரியும். என் கவலையெல்லாம் அந்தத் தளத்தின் மேல்பக்கத்தைப் பற்றித்தான்.

ஆறு வருடங்களுக்கு முன் நாங்கள் சொந்தப் பணத்தில் வீடு கட்டினோம். தளம் போட்டு முடித்தபோதே கையிருப்பு தீர்ந்துவிட்டது. "சுர்க்கி, தட்டோடெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் மேஸ்திரி. தளத்தின் மேல் போடும் சுண்ணாம்பு ஜல்லிக் கலவையையும், அதன்மேல் பதிக்கும் தட்டையான ஓட்டையும்தான் சொன்னார். நாங்களும் சரி என்றோம். நாலு வருடம் அப்படியே போனது. மே மாதத்தில் ராத்திரி பத்து மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கைத் தொட்டால், அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரமான தோசைக்கல் போல இருக்கும். ஃபேன் அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளும். அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். பிறகு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, தட்டோடு பதித்து, மேலே வெள்ளையும் அடித்தோம். இப்போது அம்மா வீட்டுக்குள் தூங்குகிறார்.

காரணம் எளிதானது. ஒரே மாடி வீட்டில் நாள் முழுக்க வெயில் வாங்குவது தளம். கான்கிரீட் பகலில் குடித்த சூட்டை ராத்திரியில் வீட்டுக்குள் கக்குகிறது. வெள்ளைப் பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்பும்; சுண்ணாம்பு ஜல்லி, மீதிச் சூடு இறங்குவதைத் தாமதப்படுத்தும். 2018-இல் மத்திய அரசு கொண்டுவந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற, வீடுகளுக்கான எரிசக்திச் சேமிப்பு விதித்தொகுப்பு, கூரை வழியே வெப்பம் கடக்கும் அளவுக்கு 1.2 வாட் என்று வரம்பு வைத்தது (ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு). வெறும் நாலங்குலக் கான்கிரீட்டில் அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆனால் அந்த விதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்குத்தான். ஏசி வாங்க முடியாதவர்களின் சின்ன வீடு அதில் வரவே இல்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் நிறைய செய்து காட்டியது. தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். கம்பிகளுக்கு நடுவில் உள்ள கான்கிரீட்டுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்து வார்த்தால் சிமெண்டும் மிச்சம், சூடும் குறையும். பழகிய கொத்தனார் வேண்டும், அவ்வளவுதான். ஒன்றியத்துக்கு நாலு பேருக்காவது பயிற்சி கொடுங்கள். ஆரோவில்லில் பல வருடங்களாகச் செய்துவரும் அழுத்திய மண் கல்லையும், ஓட்டைக் கல்லையும் சுவருக்குப் பரிசீலிக்கலாம்; ஆனால் பணம் கொஞ்சம்தான் என்றால் முதலில் தளத்துக்கே செலவழியுங்கள்.

நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு வீட்டின் மதிப்பீட்டிலும் சுர்க்கி, தட்டோடு, வெள்ளைப் பூச்சு மூன்றையும் கட்டாயமாக்கி, அதற்கான பணத்தைத் தனியாகக் கொடுங்கள். கடைசித் தவணையை விடுவிக்கும் முன் உங்கள் பொறியாளர் மாடியேறிப் பார்க்கட்டும். முடிந்தால் மே மாதத்தில், இருட்டிய பிறகு, உள்ளே நின்று சீலிங்கையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும்.

அன்புடன்,
விழுப்புரம் மாவட்டத்திலிருந்து ஒரு வீட்டுக்காரர்