151 வெற்றிகள்: கான்கார்டிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள முருகேசனுக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து, காலையில் பள்ளி மைதானம் வரை மறுபடியும் நடந்து போய் வருகிறாய் என்று படித்தபோது மனம் நிம்மதியடைந்தது. இங்கே எல்லோரும் நலம். பேரன் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டான். எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியின் ஃபுட்பால் அணியில் சேர்ந்து, தோள்கவசமும் தலைக்கவசமுமாக வீட்டில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறான். உனக்குத் தெரிந்த கால்பந்து இல்லை இது. நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஆட்டம்.

சென்ற கடிதத்தில் எங்கள் ஊர் டி லா சால் பள்ளியின் ஃபுட்பால் அணியைப் பற்றி நான் போகிற போக்கில் எழுதியிருந்ததைப் பிடித்துக்கொண்டு நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய். நல்ல அணி ஒன்று அமைந்தாலும், அந்தப் பையன்கள் பிளஸ் டூ முடித்துப் போன மறு வருஷமே குறுவட்டப் போட்டியிலேயே தோற்றுத் திரும்புவதுதான் நீ முப்பது வருஷமாகக் கண்டது. அப்படியிருக்க ஒரு பள்ளி பன்னிரண்டு வருஷம் தோற்காமல் இருந்தது எப்படி என்று கேட்டாய். பி.டி. வாத்தியார் ஒருவரால்தான் இப்படிக் கேட்க முடியும். மற்றவர்கள் எல்லாம் எத்தனை வெற்றி என்ற எண்ணிக்கையோடு வாயைப் பிளந்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கான்கார்டு, சான்ஃபிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே, டியாப்லோ மலையின் அடியில் இருக்கும் ஊர். இங்குள்ள டி லா சால் பள்ளி 1965இல் தொடங்கப்பட்ட கத்தோலிக்க ஆண்கள் பள்ளி. தூத்துக்குடியில் லசால் பள்ளியை நடத்துகிற அதே துறவுச் சபையினர்தான் இதையும் நிறுவினார்கள். சுமார் ஆயிரம் மாணவர்கள். கட்டணம் கட்டிப் படிக்கிறவர்கள். தொடங்கிய காலத்தில் அதன் ஃபுட்பால் அணி, தோல்வியைவிட வெற்றி அதிகம் என்று சொல்லிக்கொள்ளும்படியான ஒரு பருவத்தைக்கூடக் கண்டதில்லை. 1979இல் பாப் லாடூசர் என்கிற, இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர் பயிற்சியாளராக வந்தார். பள்ளியில் அவர் சமயக் கல்வி ஆசிரியரும்கூட. 34 பருவங்கள் அங்கேயே இருந்து, 2013 ஜனவரியில் ஓய்வுபெற்றபோது அவர் கணக்கில் 399 வெற்றி, 25 தோல்வி, 3 சமநிலை. அந்த 25இல் ஒன்று 1991 டிசம்பரில் பக்கத்து ஊரான பிட்ஸ்பர்க்கின் பள்ளியிடம் வாங்கியது. அதற்கு அடுத்த தோல்வி 2004 செப்டம்பரில்தான் வந்தது. இடையில் 151 ஆட்டங்கள், அத்தனையும் வெற்றி. அதற்கு முன் நாட்டின் சாதனை, மிச்சிகனின் ஹட்சன் என்ற சிற்றூர்ப் பள்ளி 1968 முதல் 1975 வரை தொடர்ந்து வென்ற 72 ஆட்டங்கள். அதை டி லா சால் 1997இலேயே தாண்டிவிட்டது.

இங்கே உயர்நிலைப் பள்ளி நான்கு ஆண்டுகள். ஆகவே 1992 முதல் 2003 வரையிலான காலத்தில் மூன்று முழுத் தலைமுறை மாணவர்கள் உள்ளே வந்து, முதன்மை அணி தோற்று ஒருமுறைகூடப் பார்க்காமல் வெளியே போயிருக்கிறார்கள். உன் கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது. வென்றது எந்தப் பையனும் இல்லை என்றால், வென்றது எது?

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்குப் பதினொருவர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்து யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சிகள் கிடைக்கும், இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளி. பள்ளி ஆட்டங்கள் பன்னிரண்டு நிமிடக் கால்பகுதிகள் நான்கு கொண்டவை, பெரும்பாலும் வெள்ளிக்கிழமை இரவில் நடப்பவை. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும் பருவம், வென்றுகொண்டே போகிறவர்களுக்கு டிசம்பர் வரை நீளும்.

லாடூசர் எடுத்துக்கொண்டது ‘வீயர்’ என்ற ஆட்ட முறை. அது அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. 1960களில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் பில் யோமன் உருவாக்கியது. அதில் எதிரணித் தடுப்பாளர் ஒருவரை வேண்டுமென்றே யாரும் மறிக்காமல் விட்டுவிடுவார்கள். பந்தைக் கையில் வாங்கும் குவார்ட்டர்பேக் அந்த ஒருவரை மட்டும் பார்க்கிறான். அவர் உள்ளே பாய்ந்தால் பந்தைத் தானே வைத்துக்கொண்டு வெளிப்பக்கம் ஓடுவான். அவர் வெளியே காத்து நின்றால் பந்து உள்ளே ஓடுகிறவன் வயிற்றில் போய்விடும். கபடியில் பாடிப் போகிறவன், கோடியில் நிற்கும் தடுப்பாளன் எந்தக் காலை எடுத்து வைக்கிறான் என்று பார்த்துத் தன் திசையை முடிவு செய்கிறானே, அதேதான். எதிராளி என்ன செய்தாலும் அது தவறாகும்படி அமைத்த முறை இது. இதற்கு ஆறரை அடி உயரப் பையன் வேண்டாம். அரை நொடியில் பார்த்து முடிவெடுக்கிற கண்ணும், முன்வரிசை ஐந்து பேரும் ஒரே கணத்தில் எடுத்து வைக்கிற முதல் அடியும் இருந்தால் போதும். இரண்டுமே பழக்கத்தால் வருபவை. பிறவியில் வருகிற திறமையை நம்பினால், அது இருக்கிற ஆண்டில் வெல்வோம், இல்லாத ஆண்டில் தோற்போம்.

அந்த முதல் அடியை நான் அருகில் பார்த்திருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை, எதிரணிப் பக்கத்துப் படிகளில் கீழ்வரிசையில் இடம் கிடைத்தது. பந்து அசைந்த அதே நொடியில் டி லா சால் முன்வரிசை ஒரு சாண் அளவு அடி ஒன்றை எடுத்து வைத்தது. உடல் நிமிரவே இல்லை, எதிரே நின்ற பெருத்த பையன்களின் நெஞ்சுக்கவசத்துக்குக் கீழே தோள் போய் நுழைந்தது. பேரனின் அணியிலும் இதற்கென்று குறுக்குக் கம்பிகள் வேய்ந்த தாழ்வான இரும்புச் சட்டம் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதன் அடியில் பாய்ந்து வெளியே வர வேண்டும், நிமிர்ந்தால் தலைக்கவசம் கம்பியில் ‘டங்’ என்று இடிக்கும். பேரனுக்கு இன்னும் இடித்துக்கொண்டுதான் இருக்கிறது. எல்லாப் பள்ளிகளும் செய்கிற பயிற்சிதான். ஆனால் நான்காவது கால்பகுதியில், மூச்சு இரைக்கும்போது, அந்த அடி அதே தாழ்வில் வருகிறதா என்பதில்தான் வித்தியாசம்.

உன் கேள்விக்கு நேரான விடை என்று நான் நினைப்பது இன்னொன்று. பெரும்பாலான ஆட்டங்கள் இடைவேளைக்குள்ளேயே முடிவாகிவிடும். அப்போது லாடூசர் முதல் வரிசை ஆட்டக்காரர்களை உட்காரவைத்துவிட்டு அடுத்த வரிசைப் பையன்களை இறக்கிவிடுவார். எதிரணியை அவமானப்படுத்தாமல் இருக்க அது ஒரு வழி. கூடவே, மறு வருஷம் பொறுப்புக்கு வரப்போகிறவர்கள் ஒரு பருவம் முழுவதும் பாதிப் பாதி ஆட்டமாக, உண்மையான எதிரிக்கு எதிராக ஆடி முடித்திருப்பார்கள். கீழ் வகுப்பு அணிகளுக்கும் அதே வீயர் முறை, அதே ஆட்டப் பெயர்கள். மேலே வருகிற பையன் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. பயிற்சியாளர்களும் மாறவில்லை, தடுப்பாட்டத்தைப் பார்த்துக்கொண்ட டெர்ரி ஐட்சன் பல ஆண்டுகள் கூடவே இருந்தார். நம் ஊரில் இறுதி ஆட்டத்தில் கூட, இருபது புள்ளி முன்னணியில் இருக்கும்போதும் நட்சத்திர ஆட்டக்காரனை வெளியே எடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

வாரந்தோறும் நடந்த ஒரு சடங்கையும் சொல்ல வேண்டும். ஒவ்வொருவனும் ஒரு சிறு அட்டையில் மூன்று இலக்குகளை எழுதுவான்: உடற்பயிற்சியில் ஒன்று, மைதானப் பயிற்சியில் ஒன்று, ஆட்டத்தில் ஒன்று. வியாழக்கிழமை மாலை எல்லோரும் கூடி உண்ணும்போது, எழுந்து நின்று, அதை ஒரு சக ஆட்டக்காரனுக்கு வாசித்துக் காட்டுவான். நிறைவேறியதா இல்லையா என்று மறு வாரம் சொல்ல வேண்டியவன் அந்தச் சக ஆட்டக்காரன்தான். இலக்கு பெரிதாக இருக்கக் கூடாது, அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வாத்தியாருக்குப் பயப்படுவது ஒன்றிரண்டு ஆண்டுகளில் சலித்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனிடம் சொன்ன சொல்லுக்குப் பதில் சொல்வது அப்படிச் சலிப்பதில்லை. மைதானத்துக்குள் அவர்கள் இருவர் இருவராகக் கைகோத்து, சத்தமே இல்லாமல் நடந்து வருவதைப் பார்த்தால், முதல் தடவை பார்க்கிறவர்களுக்குச் சிரிப்புக்கூட வரும். ஆட்டம் தொடங்கிய பிறகு வராது.

கலிஃபோர்னியாவில் பல பத்தாண்டுகளாக, 2006 வரை, மாநிலச் சாம்பியனைத் தீர்மானிக்கும் ஆட்டமே கிடையாது. அதனால் தங்களை அளந்துபார்க்க டி லா சால் வெளியூர் போக வேண்டியிருந்தது. 2001 அக்டோபர் 6 அன்று தென் கலிஃபோர்னியாவின் லாங் பீச் பாலி பள்ளியை அதன் சொந்த ஊரிலேயே சந்தித்தது. தேசிய வரிசையில் முதலிடத்திலும் இரண்டாமிடத்திலும் இருந்த இரு பள்ளிகள் நேருக்கு நேர் மோதியது அதுதான் முதல் தடவை என்றார்கள். பாலி பல மடங்கு பெரிய பள்ளி, பின்னாளில் தொழில்முறை ஆட்டத்துக்குப் போன பலர் அந்த ஆண்டு அணியிலேயே இருந்தார்கள். முடிவு 29–15, டி லா சாலுக்கு. நான்கு டச்டவுன்களை அடித்தது, ஐந்தடி ஏழங்குலமே உயரமுள்ள மாரிஸ் ஜோன்ஸ் ட்ரூ. அவரே 2011இல் ஜாக்சன்வில் அணிக்காக ஆடி, அந்த ஆண்டு நாட்டின் தொழில்முறை ஆட்டக்காரர்களில் பந்தோடு அதிக தூரம் ஓடியவரானார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, “தனியார் பள்ளிதானே, நல்ல பையன்களாகப் பொறுக்கிச் சேர்த்திருப்பார்கள்” என்று நீ சொல்வாய். இங்கேயும் அதைத்தான் சொல்கிறார்கள், அரசுப் பள்ளிப் பயிற்சியாளர்கள் இன்னும் சூடாகவே சொல்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அரசுப் பள்ளிக்குத் தன் எல்லைக்குள் குடியிருக்கிற பையன்கள்தாம். இந்தப் பள்ளிக்கோ எந்த ஊரிலிருந்தும் வரலாம், வென்று வென்று பெயர் பரவப் பரவ ஆட ஆசைப்படுகிறவர்கள் தாமாகவே வந்து நிற்பார்கள். ஆட்டத்துக்காக ஆள் பிடிப்பதை மாநில விதிகள் தடுக்கின்றன. பள்ளியும் அப்படிச் செய்யவில்லை என்றே சொல்லி வந்திருக்கிறது. என் கணிப்பில், பின்னாளைய வெற்றிகளில் இந்த வசதிக்குப் பங்கு உண்டு. 1979க்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில், யாருக்கும் பெயர் தெரியாத பள்ளியை நிமிர்த்தியதில் அதற்குப் பங்கு இல்லை. அதுபோக, இதே வசதி உள்ள தனியார் பள்ளிகள் இந்த மாநிலத்தில் ஏராளம். அவற்றில் எதுவும் 151ஐ நெருங்கவில்லை.

முடிவு வந்த ஆண்டு கொடுமையானது. 2003 பருவம் முடிந்த கையோடு லாடூசருக்கு மாரடைப்பு. 2004 ஆகஸ்டில், பள்ளிப் படிப்பை முடித்து ஓரிகன் பல்கலைக்கழகத்துக்கு ஆடப் போகவிருந்த மாணவர் ஒருவர், கிளம்புகிற சமயத்தில் ரிச்மண்ட் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அணியில் இருந்தவர்களுக்கு அவர் அண்ணன் மாதிரி. மூன்று வாரங்கள் கழித்து, செப்டம்பர் 4 அன்று, சியாட்டில் விளையாட்டரங்கில் சுமார் 25 ஆயிரம் பேர் முன்னிலையில் பெல்வியூ என்ற பள்ளியிடம் 39–20 என்று தோற்றார்கள். பெல்வியூவும் பந்தை வீசாமல் ஓடியே வெல்கிற அணி. டி லா சால் மற்றவர்களுக்குச் செய்ததையே திருப்பிச் செய்தது. துக்கத்தால் தோற்றார்கள் என்று பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று எதிரணி நன்றாக ஆடியது. அதைச் சொல்லாமல் விடுவது அந்தப் பையன்களுக்குச் செய்கிற அநியாயம். அந்தப் பருவத்தில் மேலும் தோல்விகள் வந்தன. ஆனாலும் வியாழக்கிழமை அட்டைகள் நிற்கவில்லை.

அதன் பிறகும் வட கலிஃபோர்னியப் பள்ளிகளிடம் தோற்காத கணக்கு தனியாக ஓடிக்கொண்டே இருந்தது. லாடூசருக்குப் பின், அவரிடம் ஆடி வளர்ந்த ஜஸ்டின் ஆலம்பா பொறுப்பேற்றார். 2015இல் மாநிலத்தின் உச்சப் பிரிவையும் வென்றார்கள். ஆனால் அதற்கடுத்த நான்கு ஆண்டுகளும் அதே இறுதி ஆட்டத்தில் தென் கலிஃபோர்னியாவின் மேட்டர் டெய், செயின்ட் ஜான் பாஸ்கோ ஆகிய பள்ளிகளிடம் பெரிய வித்தியாசத்தில் தோற்றார்கள். அந்தப் பள்ளிகளும் கத்தோலிக்கத் தனியார் பள்ளிகள்தாம். அங்கே மக்கள்தொகை அதிகம், வந்து சேர்கிற ஆட்டக்காரர்கள் இன்னும் அதிகம். வெளியிலிருந்து திறமையை இழுக்கிற போட்டி என்று வந்துவிட்டால் கான்கார்டு சின்ன ஊர். 2021 செப்டம்பர் 10 அன்று மவுன்டன் வியூவின் செயின்ட் ஃபிரான்சிஸ் பள்ளி 31–28 என்று வென்றபோது, 1991 முதல் 318 ஆட்டங்களாக வடபகுதியில் தோற்காமல் வந்த அந்தக் கணக்கும் முடிந்தது. அன்று எங்கள் ஊர்க் கடைகளில் இரண்டு நாள் இதே பேச்சு.

பேரனின் அணி வரும் வியாழக்கிழமை பக்கத்து ஊரில் ஆடுகிறது. அட்டை எழுதுகிற வழக்கத்தை அவனுக்குச் சொன்னேன். “தாத்தா, அது எதிரிப் பள்ளியின் வேலை” என்று சொல்லிவிட்டான். உன் பள்ளிக் கபடி அணியில் இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் எத்தனை பேர், அவர்களை ஆட்டத்தில் இறக்குகிறார்களா, உனக்குப் பின் வந்த வாத்தியார் எப்படி என்று விவரமாக எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் சுந்தரம்