சப்ஜங்டிவ்வை விட்டுவிடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் சென்ற வாரம் வந்த ஆங்கில இலக்கணப் பகுதியைப் படித்தேன். சப்ஜங்டிவ் மூட் (ஒன்று நடக்க வேண்டும் என்றோ, நடக்காத ஒன்றை எண்ணியோ சொல்லும்போது வரும் ஆங்கில வினை வடிவம்) வழக்கொழிந்துவிட்டது, 'இஃப் ஐ வேர் யூ' என்பதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும் என்று அதில் இருந்தது. கீழே பிழைதிருத்தப் பயிற்சியில் 'த கமிட்டி ரெக்கமெண்டட் தட் ஷி பி அப்பாயிண்டட்' என்ற வாக்கியத்தைப் பிழை என்று குறித்து, 'பி' இருந்த இடத்தில் 'வாஸ்' போடச் சொல்லியிருந்தீர்கள். அந்த வாக்கியத்தில் பிழையே இல்லை. அவரை நியமிக்க வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. அதற்கு 'பி' தான் முறையான வடிவம்.

நான் தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவள். இந்தப் பாடத்தைத் தள்ளிவிடக் கூடாது என்று நான் சொல்வதற்கு முதல் காரணம், நம் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் போய்ச் சேரும் வேலைகள். நர்சிங் படித்துவிட்டு வெளிநாடு போகிறவர்கள் இங்கே ஊருக்கு ஊர் உண்டு. நோயாளியைப் பற்றிய குறிப்பில் 'ஹிஸ் வைஃப் இன்சிஸ்ட்ஸ் தட் ஹி டேக் த டேப்லெட்' என்று எழுதினால், அவர் மாத்திரை சாப்பிட்டே ஆக வேண்டும் என்று மனைவி வற்புறுத்துகிறார். 'ஹி டேக்ஸ்' என்று எழுதினால், அவர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று மனைவி உறுதியாகச் சொல்கிறார். ஓர் 'எஸ்' எழுத்தில் நோயாளியின் நிலைமையே மாறிப்போகிறது. பிரிட்டனில் இரண்டு பொருளுக்கும் 'டேக்ஸ்' என்றே சொல்கிறவர்கள் உண்டு. ஆனாலும் மருந்து பற்றிய குறிப்பில் இரண்டு பொருளுக்கு இடம் வைக்கலாமா? எதிர்மறையிலும் இப்படித்தான். 'இட் இஸ் வைட்டல் தட் ஹி நாட் பி கிவன் பெனிசிலின்' என்பதில் 'டஸ் நாட்' வராது. 'நாட்' நேரே வினைக்கு முன்னால் வந்து நிற்கும்.

விதி பெரிதல்ல. சஜெஸ்ட், டிமாண்ட், ரெக்வெஸ்ட், ப்ரொபோஸ் போன்ற வினைகளுக்கும் எசென்ஷியல், நெசசரி போன்ற சொற்களுக்கும் பின்னால், ஒன்று நடக்க வேண்டும் என்ற பொருளில் வரும் வினை, அகராதியில் இருக்கிற வடிவிலேயே நிற்கும். எழுவாய் 'ஐ' ஆனாலும் 'ஹி' ஆனாலும் 'தே' ஆனாலும் மாறாது. முதல் வினை 'டிமாண்டட்' என்று இறந்தகாலத்துக்குப் போனாலும் இது அசையாது. சபைக் கமிட்டியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஆங்கிலத்தில் தீர்மானம் எழுதியவர்கள் 'ரிசால்வ்ட் தட் த அக்கவுண்ட்ஸ் பி அப்ரூவ்ட்' என்று எழுதியிருப்பார்கள். அதுவும் சப்ஜங்டிவ் தான்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். இது நம் பிள்ளைகளுக்குப் புதிய சரக்கே அல்ல. தமிழ் வகுப்பில் வியங்கோள் வினைமுற்று படிக்கிறார்கள். வாழ்க, வருக, ஒழிக. வாழ்த்தவும் வையவும் விதிக்கவும் வேண்டவும் அது வரும் என்று தமிழாசிரியர் சொல்லிக்கொடுக்கிறார். அது மூன்று இடத்துக்கும் ஐந்து பாலுக்கும் பொது என்கிறது நன்னூல். அவன் வாழ்க, அவள் வாழ்க, அவர்கள் வாழ்க. வேறு வினைமுற்று என்றால் வாழ்கிறான், வாழ்கிறாள், வாழ்கிறார்கள் என்று விகுதி மாறிக்கொண்டே போகும், வியங்கோளில் மாறாது. 'ஹி கோ', 'ஷி கோ', 'தே கோ' என்று ஆங்கில வினை 'எஸ்' இல்லாமல் நிற்பதும் இதே போக்குத்தான். 'கற்க கசடற' என்று தொடங்கும் குறளில் கற்க, நிற்க என்று இரண்டு வியங்கோள் இருக்கின்றன. பத்து வயதில் அதை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு 'லாங் லிவ் த கிங்' என்பதில் 'லிவ்ஸ்' ஏன் இல்லை என்று விளக்க எத்தனை நேரம் ஆகிவிடும்?

நம் ஊரில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஞாயிறுதோறும் கோவிலில் 'உம்முடைய ராஜ்யம் வருவதாக, உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக' என்று சொல்லும் பிள்ளைகள், ஆங்கில ஆராதனையில் 'தை கிங்டம் கம், தை வில் பி டன்' என்கிறார்கள். 'கம்ஸ்' என்று இருக்க வேண்டாமா என்று வகுப்பில் என்னைக் கேட்டவர்கள் உண்டு. "மக்களே, 'வருகிறது' இல்லை, 'வருவதாக'" என்றால் அந்த நிமிடமே பிடித்துக்கொள்வார்கள். தேங்காப்பட்டணத்திலும் குளச்சலிலும் இருந்து வரும் இஸ்லாமியப் பிள்ளைகளுக்கு ஸலாமின் பொருளைக் கேட்டாலே போதும்: சாந்தி உண்டாவதாக, 'பீஸ் பி அப்பான் யூ'. வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைக்கு 'வரட்டெ' இருக்கிறது.

'இஃப் ஐ வேர்' கதைக்கும் தமிழில் வழி உண்டு. நடக்காத ஒன்றைச் சொல்ல இறந்தகால வடிவம் எதற்கு என்று பிள்ளைகள் திகைப்பார்கள். 'நாளைக்கு மழை வந்தால்' என்கிறோமே, அந்த 'வந்தால்' உள்ளே இருப்பதும் 'வந்தான்', 'வந்தது' என்பவற்றில் இருக்கிற அதே இறந்தகால அடிதான். காலம் நாளை, வடிவம் இறந்தகாலம். ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டும்: தமிழில் நடக்கக்கூடியதற்கும் நடக்காததற்கும் 'ஆல்' பொது. ஆங்கிலத்தில் 'வேர்' உண்மைக்கு மாறானதற்கு. நேற்று அவன் வந்தானா என்று உறுதியாகத் தெரியாதபோது 'இஃப் ஹி வாஸ் தேர்' என்பது சரி. அவன் இல்லை என்று தெரிந்து, இருந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணும்போது 'இஃப் ஹி வேர் ஹியர்'.

வழக்கொழிந்துவிட்டது என்ற கருத்துக்கும் ஒரு வார்த்தை. பிரிட்டிஷ் வழக்கில் சஜெஸ்ட், டிமாண்ட் போன்ற வினைகளுக்குப் பின்னால் 'ஷுட்' போட்டு 'ஹி ஷுட் கோ' என்பது அதிகம். நம்மிடம் கைகளில் புழங்கும் பல நோட்ஸ்களும் அந்த வழியில் வந்தவை. 'ஷுட்' தவறில்லை. ஆனால் 'ஷுட்' இல்லாத வடிவம் அமெரிக்க எழுத்தில் அன்றாடம் வருகிறது. இருபதாம் நூற்றாண்டில் அங்கிருந்து பிரிட்டனுக்கும் திரும்பப் பரவியது. அமெரிக்க நிறுவனங்களோடு மின்னஞ்சலில் வேலை பார்க்கிற நம் பிள்ளைகள் அதைப் பார்த்துப் பிழை என்று திருத்தி அனுப்பினால் யாருக்கு நஷ்டம்?

ஆகவே, அந்தப் பயிற்சிக்குத் திருத்தம் ஒன்றைத் தேர்வுக்கு முன்பே, அதே மாணவர் பக்கத்தில், கண்ணில் படும்படி வெளியிட வேண்டுகிறேன். முடிந்தால் வியங்கோளையும் சப்ஜங்டிவ்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பாடமும் போடுங்கள். அதைத் தமிழாசிரியர் ஒருவரும் ஆங்கில ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து எழுதுவது நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.