அக்காவின் சொல்லைக் காப்பாற்றியவர்களுக்கு

தீவிர சிகிச்சைப் பிரிவினருக்கும், உறுப்பு தான ஒருங்கிணைப்பாளருக்கும், மொழிபெயர்ப்பாளருக்கும், தொலைபேசியின் மறுமுனையில் இருந்த அம்மாவுக்கும் தம்பிக்கும்,

வணக்கம். புதிதாகக் குடியேறி வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவர், அவர்களோடு மருத்துவமனைக்குத் துணை போனவர், மருத்துவர் சொன்னதைத் தாய்மொழியில் எடுத்துச் சொன்னவர் எங்கள் அக்கா. அவரும் ஒரு காலத்தில் அப்படி வந்து நின்றவர்தான். அவர் கைப்பையில் இருந்த குறிப்பேட்டில் ஒரு பக்கம் முழுக்க மருத்துவச் சொற்கள். ஒரு வரிக்கு மட்டும் கீழே இரட்டைக் கோடு: ‘கோமா வேறு, மூளைச்சாவு வேறு.’

அவருக்கே மூளைச்சாவு நேர்ந்தபோது அந்த வரி தேவைப்பட்டது. முதலில் அம்மாவிடம் தொலைபேசியில் பேசியவர் நல்லெண்ணத்தில் “மயக்கத்தில் இருக்கிறார்” என்று சொல்லிவிட்டார். மயக்கம் என்றால் தெளியும் அல்லவா? “எப்போது கண் விழிப்பாள்?” என்று அம்மா கேட்டார். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரே, நீங்கள் வந்து அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு, “இறந்துவிட்டார், இயந்திரம்தான் மூச்சை ஊதுகிறது” என்று சொன்னீர்கள். இறப்பைப் பற்றிய பேச்சையும் தானத்தைப் பற்றிய பேச்சையும் ஒரே அழைப்பில் கலக்காமல் இடைவெளி விட்டீர்கள். உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்திருந்ததை அக்கா தம்பியிடம் முன்பே சொல்லியிருந்தார். அதனால் சம்மதம் சிக்கலாகவில்லை. வீட்டில் சொல்லாத பதிவு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறது.

பரிசோதித்த மருத்துவர்கள் மாற்று அறுவைக் குழுவைச் சேராதவர்கள். மயக்க மருந்தின் மிச்சமோ உடல் குளிர்ச்சியோ முடிவைக் குழப்பாது என்று உறுதிசெய்த பிறகே தொடங்கினீர்கள். கண்மணியில் வெளிச்சம், விழிப்படலத்தில் பஞ்சு நுனி, காதுக்குள் 50 மில்லி ஐஸ் தண்ணீர், மூச்சுக்குழாயில் உறிஞ்சுகுழாய். எதற்கும் அசைவில்லை. கடைசியில் ஆக்சிஜனை மட்டும் செலுத்தியபடி வென்டிலேட்டரை 10 நிமிடம் கழற்றினீர்கள். இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு, மூச்சைத் தூண்டியே தீரவேண்டிய 60 மி.மீ. பாதரச அளவைத் தாண்டியும் நெஞ்சு எழவில்லை. தம்பி கேட்டதால் அதை வீடியோவில் காட்டினீர்கள். அதற்குப் பிறகு அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

செவிலியர்களே, உங்கள் வேலை வெளியே தெரியாதது. மூளை நின்றால் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனும் நின்றுவிடும். லிட்டர் கணக்கில் நீர் வெளியேறி, சோடியம் ஏறி, இரத்த அழுத்தம் விழும். அப்படியே விட்டால் உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போகும். மணிக்கொரு தடவை அளந்து, போன அளவுக்குத் திரவம் ஏற்றி, நின்றுபோன அந்த ஹார்மோனான வாசோபிரசினைக் கொடுத்து, சராசரி இரத்த அழுத்தத்தை 65-க்குக் கீழே இறங்க விடாமல் இரவெல்லாம் பிடித்து வைத்திருந்தீர்கள். இமைகளை மூடி அவற்றின் மேல் ஈரத்துணி வைத்த கை யாருடையது என்று தெரியவில்லை. விழிப்படலம் காயாமல் காத்தது அந்தத் துணிதான்.

நுரையீரலில் தொற்று இருந்ததால் அதை எடுக்கவில்லை. அதைக் குடும்பத்தாரிடம் மறைக்காமல் சொன்னது எங்களுக்குப் பிடித்தது. இதயம், கல்லீரல், இரண்டு சிறுநீரகம், இரண்டு விழிப்படலம் போய்ச் சேர்ந்தன. சாதாரணக் குளிர்பெட்டியில் இதயத்துக்கு 4 மணி நேரம்தான் கெடு, கல்லீரலுக்கு ஏறத்தாழ 12. சிறுநீரகம் ஒரு நாள் தாங்கும். பனிக்கட்டி நேராகப் பட்டால் திசு உறைந்து சிதையும் என்பதால், குளிர்ந்த திரவத்தில் மூழ்கடித்து, உறைக்குள் உறையாக மூன்று போட்டுக் கட்டினீர்கள். வண்டி ஓட்டியவர்களுக்கும், வழிவிட்டு ஒதுங்கிய முகம் தெரியாதவர்களுக்கும் நன்றி.

ஊருக்கு அனுப்பும் உடல் என்பதை அறுவை அரங்கில் யாரோ முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். தையல் அவ்வளவு நெருக்கம். உடலைக் கெடாமல் பதனிடுபவருக்கும் கசிவுத் தொல்லை இல்லை. இறப்புச் சான்றிதழ், பதனிட்டதற்கான சான்றிதழ், தூதரகக் கடிதம் மூன்றிலும் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று ஒருங்கிணைப்பாளர் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார். ஓரெழுத்து மாறினாலும் பெட்டி விமான நிலையத்திலேயே நின்றிருக்கும்.

உறுப்பு பெற்றவர்கள் என்றைக்காவது எழுத நினைத்தால், பெயரும் ஊரும் இல்லாமல் ஒருங்கிணைப்பாளர் வழியே அனுப்பலாம். எந்த மொழியில் எழுதினாலும் சரி. அம்மாவுக்குப் புரியும்படி வாசித்துக்காட்ட எங்களில் ஆள் இருக்கிறது.

அன்புடன்,
அக்காவோடு பணிசெய்த தன்னார்வலர்கள்